கள்ளிக்குக் குடை, பாகலுக்கு கெஜட்

எங்கள் வீட்டில் வெயில் விழும் இடம் ஒன்றே ஒன்றுதான். கரமனை அக்கிரகாரத்து வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர். வாசலில் நின்றால் கதவுக்குப் பின் கதவாக நேர்கோட்டில் கொல்லைக் கிணறு வரை தெரியும். நடுவில் பகலிலேயே விளக்கு வேண்டும். கிணற்றைத் தாண்டி ஒரு கட்டில் போடும் அளவுக்கு மண் இருக்கிறது. அங்கே மட்டும் சூரிய பகவான் தாராளமாக எழுந்தருளுவார்.

கல்யாணமாகி நான் இந்த வீட்டுக்கு வந்தபோது பெட்டி, பாத்திரம், அலமாரி, சுவரில் அடித்திருந்த ஆணி வரைக்கும் எல்லாவற்றுக்கும் ஒரு சொந்தக்காரர் ஏற்கெனவே இருந்தார். அந்த வெயிலை மட்டும் யாரும் கேட்கவில்லை. நான் எடுத்துக்கொண்டேன். வருஷா வருஷம் அங்கே பந்தல் போட்டுப் பாகல் ஏற்றினேன். மாமனாருக்குப் பாகற்காய் ஆகாது. இலையில் விழுந்தால் எறும்பை ஒதுக்குவது போல விரல் நுனியால் ஒதுக்குவார். அதற்காக நான் பந்தலைப் பிரிக்கவில்லை. அவர் காலமான பிறகும் பிரிக்கவில்லை.

இப்படி இருக்கையில்தான் போனக்காட்டிலிருந்து வில்லங்கம் வந்தது. என் அகத்துக்காரர் நாகேஸ்வரன் சர்க்கார் தலைமை ஆபீசான ஹஜூர் கச்சேரியில் கிளார்க். அவருடைய சித்தப்பா பிள்ளை ஸ்ரீனிவாசன் அந்த மலைத் தேயிலைத் தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதுகிறவன். தோட்டத்துத் துரை சீமைக்குத் திரும்பும்போது தன் வராந்தாத் தொட்டிகளை ஆளுக்கொன்றாகக் கொடுத்தாராம். ஸ்ரீனிவாசன் பங்குக்கு வந்ததை அவன் தன் வீட்டில் வைத்துக்கொள்ளப் பயந்து எங்கள் தலையில் கட்டிவிட்டுப் போனான். பச்சைப் பசேலென்று மூன்று பட்டையாகக் கணுக் கணுவாக நீண்ட தண்டு. ஓரத்தில் பொடிப் பொடியாக முள். இலை என்ற பேச்சே கிடையாது.

"கள்ளியை யாராவது ஆத்துக்குள்ள கொண்டு வருவாளா?" என்று கேட்டேன்.

"கள்ளி இல்லே. காக்டஸ்" என்றார் அவர், ஏதோ ஆபீசருக்கு என்னை அறிமுகம் செய்து வைப்பது போல.

அத்தோடு விட்டிருந்தால் எனக்கு ஒன்றுமில்லை. தொட்டியைக் கிணற்றுத் திட்டில் வைத்தார். அங்கே அரை வெயில்தான் படும். மறுநாள் என் பந்தலுக்கு அடியில் போய் நின்று மண்ணைப் பார்த்தார், ஆகாயத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இதற்கு முழு வெயில் வேண்டுமாம். நல்ல வெயிலில் வைத்தால் தாம்பாளம் அகலத்துக்கு வெள்ளைப் பூ பூக்கும் என்று ஸ்ரீனிவாசன் சொன்னானாம். இந்த வருஷத்தோடு பந்தலைப் பிரித்துவிடலாமா என்று கேட்டார். நான் கிணற்றில் குடத்தை விட்டேன். குடம் விழுந்த சத்தத்தில் அவருக்குப் பதில் கிடைத்திருக்கும்.

அன்று முதல் சாப்பாட்டு நேரத்தில் எங்கள் வீட்டில் வேறு பேச்சில்லை. அவர் கச்சேரியில் குறிப்பு எழுதுகிற முறையிலேயே வாதம் பண்ணுவார். பாகல் ஒரு பருவத்தோடு காய்ந்துவிடும், கள்ளி பேரன் காலத்துக்கும் நிற்கும். பாகலுக்குச் சாணி, சாம்பல், மூங்கில், கயிறு என்று ஓயாத வேலை, கள்ளிக்கு ஒரு பிடி மணல் போதும். பாகலை ஈயும் புழுவும் விடாது, கள்ளியைப் புழு ஏறிட்டும் பார்க்காது. புழுவே வேண்டாம் என்று தள்ளிய சாமானை நாம் எதற்கு வளர்க்க வேண்டும் என்று நான் கேட்பேன். கள்ளிப்பால் பட்டால் கண் அவிந்துவிடுமே என்றும் கேட்டேன். அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. எழுந்து போய் ஒரு நுனியைக் கிள்ளி என் எதிரிலேயே வாயில் போட்டு மென்றார். இதில் பால் கிடையாது, துரை வீட்டுக் குழந்தை பாதிச் செடியைத் தின்றும் ஒன்றும் ஆகவில்லை என்றார். அன்று முழுக்க நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ராத்திரி வழக்கம் போலக் குறட்டை விட்டார்.

வைகாசி நடுவில் தொடங்கும் இடவப்பாதி மழை பிடித்துக்கொண்டது. திருவனந்தபுரத்து மழையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. என் பாகல் ஒரே வாரத்தில் பந்தலை மூடிவிட்டது. கள்ளிக்கோ தண்ணீர் ஆகாது, அடி அழுகிவிடும். அகத்துக்காரர் என்ன செய்தார் தெரியுமா? கச்சேரிக்குப் பிடித்துக்கொண்டு போகிற குடையை ஒரு மூங்கிலில் கட்டித் தொட்டிக்கு மேலே விரித்துவிட்டு, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு கச்சேரிக்குப் போனார். ஜலதோஷம் பிடித்தது. சுக்குக் கஷாயம் போட்டுக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டுக் கள்ளி நனையாமல் இருக்கிறதா என்று பார்த்து வரச் சொன்னார். தெருவில் எல்லோரும் அதற்குக் குடைச்செடி என்று பேர் வைத்துவிட்டார்கள்.

என் பக்கம் மட்டும் எல்லாம் ஒழுங்கு என்று நான் சொல்லவில்லை. பாகல் பிஞ்சு விட்டவுடன் ஈ வந்து கொட்டும். கொட்டினால் காய் கோணிப் புழுத்துப்போகும். ஆகவே பிஞ்சு ஒவ்வொன்றுக்கும் காகிதத்தைக் கூம்பாகச் சுற்றி நூலால் கட்டுவது என் வழக்கம். அந்த வருஷம் காகிதத்துக்குத் தட்டுப்பாடு. அவர் பத்திரமாக அடுக்கி வைத்திருந்த பழைய சர்க்கார் கெஜட் கண்ணில் பட்டது. சாயங்காலம் கச்சேரியிலிருந்து வந்தவர் கொல்லைக்குப் போனார், திரும்பி வரவே இல்லை. போய்ப் பார்த்தால் பந்தலுக்கு அடியில் கழுத்தை வளைத்து நின்று படித்துக்கொண்டிருக்கிறார்.

"நெய்யாற்றின்கரை டிரான்ஸ்பர் உத்தரவு இங்க தொங்கறது. அதோட மறுபாதி எந்தக் காயிலடி?"

"பின்னே, காய் முத்தட்டும். பறிச்சுத் தரேன்" என்றேன்.

இரண்டு நாள் அவர் எனக்கு முகம் கொடுக்கவில்லை. மூன்றாவது நாள் அவராகவே வந்து திட்டில் உட்கார்ந்தார். கள்ளியின் தண்டை ஈரத் துணியால் துடைத்தபடியே, என்னைப் பார்க்காமல் பேசினார்.

"லலிதா, கச்சேரியில நான் எழுதறதெல்லாம் இன்னொருத்தர் சொல்லி எழுதறது. கையெழுத்து கூட வேற ஒருத்தரோடது. இது ஒண்ணு பூத்தா, நான் பூக்க வெச்சேன்னு இருக்கும். அவ்வளவுதான்."

கேட்கப் பாவமாகத்தான் இருந்தது. இருந்தால் என்ன, அவருக்காவது கச்சேரி இருக்கிறது. எனக்கு இந்த ஒரு கட்டில் வெயிலைத் தவிர என்ன இருக்கிறது? இதை அவரிடம் அப்படியே சொன்னேன். அவர் துணியைப் பிழிந்துவிட்டு மறுபடி துடைக்க ஆரம்பித்தார். இரண்டு பேர் சொல்வதும் நியாயமாக இருந்தால் வீட்டில் நிம்மதி இருக்காது.

மாமனார் சிராத்தத்துக்குத் திதி பார்க்க வாத்தியார் நீலகண்ட சாஸ்திரிகள் வந்தார். அவரிடம் வழக்கு போயிற்று. சாஸ்திரிகள் தொட்டியைச் சுற்றி வந்தார், பந்தலையும் அண்ணாந்து பார்த்தார், கெஜட்டில் கொஞ்சம் படித்தார். பிறகு தீர்ப்புச் சொன்னார்.

"இது உங்கப்பாவோட மண்ணாக்கும். சிராத்தத்தன்னிக்கு எந்தச் செடி அவருக்கு உபயோகப்படறதோ அதுக்கு வெயில். மத்தது திட்டுல இருக்கட்டும்."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சிராத்தச் சமையலில் முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு என்று சீமைக் காய் எதுவும் கூடாது. வாழைக்காய், புடலங்காய், பிரண்டை, பாகல் என்று நம் பழைய காய்கள்தான் ஆகும். அதிலும் பாகற்காய் ஒன்றே நூறு கறிக்கு ஈடு என்பார்கள். சீமைத் துரை வளர்த்த கள்ளிக்கு அங்கே என்ன வேலை? அகத்துக்காரர் கச்சேரி மனுஷர். தீர்ப்பு என்று வந்துவிட்டால் தலை வணங்குகிறவர். சரி என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, குடையைக் கொஞ்சம் சாய்த்து வைத்தார். அந்த முகத்தைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது. ஆனால் வெயிலை விட்டுக் கொடுக்கும் அளவுக்கு இல்லை.

சிராத்த நாள் வந்தது. கூடமாட ஒத்தாசைக்குத் தூரத்து உறவு பிச்சம்மாள் மாமி வந்திருந்தாள். சிராத்தச் சமையலில் அவளை மிஞ்சக் கரமனையில் ஆள் கிடையாது. கண் மட்டும் கொஞ்சம் மந்தம். நாங்கள் இருவரும் தலைக்குக் குளித்து, தனியாக உலர்த்திய மடித்துணி உடுத்தி, யாரையும் எதையும் தொடாமல் அடுப்படியில் இருந்தோம். நான் என் பாகற்காய்களின் கெஜட்டை உரித்து நறுக்கினேன். ஒன்றில் கூடப் புழு இல்லை. அவ்வளவு பெருமை எனக்கு.

பிரண்டை வாங்குவது அகத்துக்காரர் பொறுப்பு. முதல் நாளே சாலைக் கடைத்தெருவில் வாங்கி, அடுத்த வீட்டு மாடு வாய் வைக்காமல் இருக்க, வாழையிலையில் சுற்றிக் கிணற்றுத் தூணில் உயரமாகக் கட்டியிருந்தார். காலையில் இன்னொரு காரியமும் செய்தார். மடித் தண்ணீர் இறைக்கிற இடத்தில் கச்சேரிக் குடை கூடாது என்று அதை அவிழ்த்து எடுத்து உள்ளே வைத்தார். நல்ல வேளை, அன்று மழை இல்லை. பிறகு குளித்துவிட்டுக் கூடத்தில் சாஸ்திரிகள் எதிரில் உட்கார்ந்துவிட்டார்.

துவையலுக்குப் பிரண்டை எங்கே என்று மாமி அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள். கிணற்றடியில் இருக்கிறது என்று அவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தார். மாமி அரிவாள்மணையை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். தூணை அவள் அண்ணாந்து பார்க்கவில்லை. பார்த்தாலும் தெரிந்திருக்காது. திட்டின் மேல் பச்சையாக, கணுக் கணுவாக, பட்டை பட்டையாக ஒன்று நின்றது. குடைச்செடியைக் குடையோடுதான் அவளுக்குத் தெரியும். குடை இல்லை. ஆகவே அது பிரண்டை.

நான் அப்போது எள்ளுருண்டை பிடித்துக்கொண்டிருந்தேன். மாமி அங்கேயே உட்கார்ந்து ஓரத்தைச் சீவி, நாரெடுத்து, நறுக்கிக்கொண்டு வந்தாள். எந்தப் பிரண்டைக்கும் ஓரம் சீவத்தான் வேண்டும், அதனால் முள்ளும் போயிற்று. பிரண்டை தளதளவென்று இருக்கிறதடி என்று சந்தோஷப்பட்டாள். நெய்யில் வதக்கி, மிளகும் உளுந்தும் வறுத்து வைத்து அரைத்தாள். கல்லுரலில் கொஞ்சம் வழவழவென்று ஓடியது. ஆடி மழைத் தண்ணீர் ஏறிய பிரண்டை என்று நானே சொன்னேன்.

ஹோமம் முடிந்து, சிராத்தத்துக்கு வரித்து அழைத்திருந்த பிராமணர்கள் இருவரும் இலையில் உட்கார்ந்தார்கள். சாஸ்திரிகள் வழக்கம் போல விதியை நினைவூட்டினார். சாப்பிடுகிறவர்கள் பேசக்கூடாது. பதார்த்தம் நன்றாயிருக்கிறது என்றோ நன்றாயில்லை என்றோ வாயால் சொல்லக்கூடாது. வேண்டுமானால் கையை நீட்டலாம், போதுமென்றால் கையை மறிக்கலாம். சிராத்தம் செய்கிறவர் கோபப்படக்கூடாது, கண்ணீர் விடக்கூடாது. அப்படிச் செய்தால் போட்ட சோறு பித்ருக்களுக்குப் போய்ச் சேராது.

நான் பரிமாறினேன். பாகற்காய்க் கறியைக் கொஞ்சம் தாராளமாகவே போட்டேன். அடுத்துத் துவையல். அகத்துக்காரர் தர்ப்பை மோதிரத்தோடு கை கூப்பி உட்கார்ந்திருந்தார். கதவுக்குப் பின் கதவாக எங்கள் வீடு நேர்கோடு என்று சொன்னேனே, அவர் தலை நிமிர்ந்தபோது கிணற்றடி கண்ணில் பட்டது.

என்னைப் பார்த்தார். கிணற்றைப் பார்த்தார். இலையில் இருந்த பச்சைத் துவையலைப் பார்த்தார். நான் திரும்பிப் பார்த்தேன். தொட்டியில் விரல் உயரத்துக்கு ஒரு மொட்டைக் கட்டை நின்றது. தூணில் வாழையிலைப் பொட்டலம் அவிழாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

பிராமணர்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? உடனே அவர் அன்று மென்று தின்று குறட்டை விட்டது ஞாபகம் வந்தது. மூச்சு வந்தது. மூச்சோடு சிரிப்பும் வந்தது. தடுக்கவும் முடியாது. பாதி சாப்பாட்டில் இலையை விட்டு எழுப்பினால் சிராத்தமே போயிற்று. பெரியவர் ஒருவர் துவையலை விரலால் வழித்து முடித்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு இன்னும் என்று கையை நீட்டினார். போட்டேன். மற்றவரும் நீட்டினார். அவருக்கும் போட்டேன். அகத்துக்காரருக்குக் கண் நிறைந்துவிட்டது.

"கண்ணீர் ஆகாது" என்றார் சாஸ்திரிகள்.

"ஹோமப் புகை" என்றார் அவர்.

"கோபமும் ஆகாது. முகத்தைச் சாந்தமா வெச்சுக்கோங்கோ."

தன்னுடைய காக்டஸ் துளித்துளியாக இரண்டு வயிற்றுக்குள் போவதைப் பார்த்துக்கொண்டு அந்த மனுஷர் புன்சிரிப்போடு உட்கார்ந்திருந்தார். கச்சேரியில் இத்தனை வருஷம் பழகிய முகம் அன்று கை கொடுத்தது. நான் அடுப்படிக்குப் போய்ச் சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு குலுங்கக் குலுங்கச் சிரித்தேன். கோபமும் கண்ணீரும் கூடாது என்றுதான் சாஸ்திரம். சிரிப்பைப் பற்றி அதில் ஒன்றுமில்லை.

கடைசியில் திருப்திதானா என்று கேட்டபோது இருவரும் திருப்தி என்று கூரை அதிரச் சொன்னார்கள். பிறகு கொல்லைச் சுவரில் காக்கைக்குச் சோறு வைத்தோம். பக்கத்தில் ஒவ்வொரு பதார்த்தத்திலும் கொஞ்சம் வைத்தேன், பாகற்காய் முன்னால் இருக்கும்படி. கூப்பிடுவதற்கு முன்பே ஒரு கிழட்டுக் காக்கை வந்து உட்கார்ந்தது. பாகற்காய்த் துண்டு ஒவ்வொன்றையும் அலகு நுனியால் எடுத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் போட்டது. பிறகு நிதானமாகத் துவையல் பூராவையும் தின்றது. அலகை இரண்டு பக்கமும் துடைத்துக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தது. மாமனாரின் பார்வையேதான்.

பிச்சம்மாள் மாமி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். தாம்பூலம் போட்டு வாய் திறக்க அனுமதி கிடைத்ததும் பெரியவர் இந்தத் துவையலைப் போல ஆயுசில் தின்றதில்லை என்றார். அது நாலு பட்டைச் சாதாரணப் பிரண்டை இல்லை, மலையில் கிடைக்கிற முப்பிரண்டை, அப்பாவுக்கென்று பிள்ளை தொட்டியிலேயே வளர்த்திருக்கிறான் என்று மாமி எல்லோருக்கும் விளக்கம் சொன்னாள். நம்பினாரோ, நம்பியதாகக் காட்டிக்கொண்டாரோ, சாஸ்திரிகள் என் பக்கம் திரும்பினார்.

"உன் மாமனாரே தீர்ப்பு சொல்லிட்டாராக்கும். வெயில் தொட்டிக்கு."

நான் வாயைத் திறந்தேன். அது கள்ளி என்று ஒரு வார்த்தை சொன்னால் என் வெயில் எனக்கு. ஆனால் சிராத்தம் கெட்டது என்று ஆகும். இவ்வளவு நேரம் கண்ணீரை உள்ளேயே விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த மனுஷர் முகத்தைப் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டேன். அவரும் மூடிக்கொண்டார். எங்கள் தாம்பத்தியத்தில் நாங்கள் ஒரே சமயத்தில் சும்மா இருந்தது அதுதான் முதல் தடவை.

தீர்ப்புக்குக் கட்டுப்பட்டுப் பந்தலைப் பிரித்துக் கொடுத்தேன். பிரிக்கும்போது அழுதேன், அதை மறைக்க மாட்டேன். அவர் அந்த மொட்டைக் கட்டையை வெயிலில் வைத்தார். சும்மா சொல்லக்கூடாது, கள்ளி தளிர்த்தது. ஒரு சாண் வளர்ந்ததும் பிச்சம்மாள் மாமி அரிவாள்மணையோடு வந்தாள். மேலத் தெருவில் சிராத்தமாம். சிராத்தத்துக்குக் கேட்டு இல்லையென்று சொல்வது மகாபாவம். கொடுத்தார். மறுபடி தளிர்த்தது. வடக்குத் தெருவில் சிராத்தம். ஆரியசாலையிலிருந்து கூட ஆள் வந்தது. கரமனையில் பித்ருக்களுக்கா பஞ்சம்? ஜெயித்த வெயிலில், வாசலிலிருந்தே எல்லோர் கண்ணிலும் படும்படி நின்றுகொண்டு, அந்தக் காக்டஸ் ஊருக்கே காய்கறியாகிவிட்டது. பூவுக்கு ஆசைப்பட்டவர் துவையலுக்கு நறுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வருஷம் மேட மாதத்தில், அதாவது சித்திரையில், ஒரு நாள் அவர் கச்சேரியிலிருந்து வரும்போதே நாலு மூங்கிலும் ஒரு கட்டுக் கயிறும் வாங்கி வந்தார். என் எதிரில் வைத்துவிட்டு நின்றார்.

"லலிதா, நீ பந்தலைப் போட்டுக்கோ. அடர்த்தியா போடு. ஒரு மூலையில அதுக்குக் கொஞ்சம் இடம் விட்டா மதி, அது போதும். வெளியில தெரியாம இருக்கட்டும்."

எனக்கு வெயில் திரும்பி வந்தது. பாகலை அந்த வருஷம் ஏற்றியது போல் நான் என்றும் ஏற்றியதில்லை. கொடி நாலு பக்கமும் தொங்கித் திரை போட்டுவிட்டது. கள்ளி அதற்குள்ளே மழையும் படாமல், மாமியும் படாமல், மூங்கிலைப் பிடித்துக்கொண்டு ஏறியது. குடையை அவர் கச்சேரிக்கு எடுத்துக்கொண்டு போனார்.

ஒரு நாள் காலையில் பிஞ்சுகளுக்குக் காகிதம் சுற்றப் போனபோது நான்தான் முதலில் பார்த்தேன். தண்டின் ஓரத்தில் பச்சையாக, கூராக, விரல் நீளத்துக்கு ஒரு மொட்டு. ஓடிப்போய் அவரைக் கூப்பிட்டேன். அவர் பாதி வழித்த முகத்தோடு வந்து, பந்தலுக்கு அடியில் குந்தி உட்கார்ந்து, அதைத் தொடவும் பயந்து பார்த்துக்கொண்டே இருந்தார். அப்போது வாசலில் பிச்சம்மாள் மாமியின் குரல் கேட்டது. யார் வீட்டிலோ சிராத்தம்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு பேசாமல் உள்ளே போய்ப் புத்தம் புதிய கெஜட் ஒன்றைக் கொண்டு வந்து, அவர் கையாலேயே ஒரு தாளைக் கிழித்து என்னிடம் நீட்டினார். நான் மொட்டைக் கூம்பாகச் சுற்றி நூலால் கட்டினேன். மாமி அதற்குள் கொல்லைக்கே வந்துவிட்டாள். முப்பிரண்டை எங்கே என்று கேட்டாள். பட்டுப்போய்விட்டது மாமி என்று கண்ணைப் பார்த்துப் பொய் சொன்னேன். மாமி உச்சுக் கொட்டினாள். போகத் திரும்பியவள் நின்று, கண்ணை இடுக்கிக்கொண்டு பந்தலுக்குள் பார்த்தாள்.

"அந்த மூலையில காயிதம் சுத்தினது என்னடி? மத்ததைக் காட்டிலும் பெரிசா இருக்கு."

"பாவக்காதான், மாமி" என்றேன். "வேற என்ன?"